எலியாவுக்கு ஒரு தட்டு அவல்

சென்னையில் இறங்கியதும் காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருத்தணி போய்விடலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! "ரயில்காரன் பொண்ணு ரயில்லதான் போவணும்" என்று சோஃபி ஆன்ட்டி ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். வயது எண்பத்து நான்கு. இடுப்பில் ஓர் ஆபரேஷன். கையில் இஸ்ரேல் பாஸ்போர்ட். லோக்கல் ரயிலில் ஏறும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ள, ஆன்ட்டி திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, ரயில் உன்ன வுட்டுட்டா போவப் போவுது? பொறுமையா வாயேன்" என்றார்.

தள்ளியவர் ஆன்ட்டியை மேலும் கீழும் பார்த்தார். பூப்போட்ட நீள கவுன், தலையைச் சுற்றி ஒரு துணி, பேச்சோ அசல் நம்ம ஊர்ப் பேச்சு. "இவங்க எந்த ஊருங்க?" என்று என்னிடம் கேட்டார். "திருத்தணி" என்றேன். அது பொய்யும் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் கோகிலா. ஆர்.கே.பேட்டை பக்கத்தில் அம்மையார்குப்பத்துத் தறி வீட்டுப் பெண். பதினோரு வருடமாக இஸ்ரேலின் தெற்கே ஒரு பாலைவனத்து ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடைசி மூன்று வருடமாக சோஃபி ஆன்ட்டி வீட்டில் இருக்கிறேன். அவர் தம்பி சாம்சன் அங்கிளுக்கு எழுபத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தினமும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் இந்தியில் பேசியதை நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இருவருக்கும் இது அயல்நாட்டுப் பயணம். எனக்கோ சம்பளத்தோடு சொந்த ஊர்ப் பயணம். யாருக்குக் கிடைக்கும்!

இவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கடலோரத்தில் எத்தனையோ தலைமுறையாக இருந்தவர்கள். வீட்டில் மராத்தி பேசுவார்கள். அந்தக் காலத்தில் செக்காட்டுவதுதான் தொழிலாம். சனிக்கிழமை ஓய்வு நாள் என்று செக்கை நிறுத்திவிடுவதால், ஊர்க்காரர்கள் இவர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்றே கூப்பிட்டார்களாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமையானால் அப்பா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பிசுபிசுவென்று உட்கார்ந்திருப்பார். "உங்க ஆளுங்க எண்ணெய நிறுத்தற நாள்ல நாம எண்ணெய எடுக்கறோம்" என்று நான் சொன்னபோது ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பாலைவனத்து ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் இந்தியாவிலிருந்து போன யூத முதியவர்கள் ஒரு ஹாலில் கூடுவார்கள். டீ, சீட்டாட்டம், பிறகு ஆளுக்கொரு கதை. பம்பாயில் பஸ் ஓட்டியவர் அங்கேயும் போய் முப்பது வருடம் பஸ்ஸே ஓட்டினேன் என்பார். ஓர் அம்மா, கப்பலில் சாமான் அதிகம் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புருஷனின் ஆர்மோனியத்தை மட்டும் தூக்கிப் போனதைச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். சோஃபி ஆன்ட்டி முறை வந்தால் ஹாலே அமைதியாகிவிடும். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு போய் இறங்கிய நாளில், 'ஊருக்குப் பக்கம்' என்று சொல்லி லாரியில் ஏற்றி, மணல் நடுவே கொண்டு இறக்கினார்களாம். ஆன்ட்டி இறங்க மாட்டேன் என்று லாரியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கெஞ்சினார், புருஷன் கெஞ்சினார். கடைசியில் குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு வேண்டுமே என்று இறங்கியவர், அங்கேயே நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார்.

கதை எங்கே தொடங்கினாலும் திருத்தணியில்தான் வந்து முடியும். அப்பாவுக்கு ரயில்வேயில் கார்டு வேலை. ஆன்ட்டிக்குப் பதினொரு வயது, சாம்சன் மூன்று வயதுக் குழந்தை. திருத்தணி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். ஆன்ட்டியின் தமிழ் அந்தத் தெருவில் கற்றது. குழந்தைக்கு விஷக்காய்ச்சல். வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவர்கள் அம்மா சமையலறையில் நின்று, "எலியா தீர்க்கதரிசியே, என் பிள்ளை பிழைத்தால் இதே இடத்தில் உனக்கு மலிதா வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். மலிதா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம அவல்தான். ஊறவைத்த அவலில் வெல்லமும் தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் போட்டுக் குவித்து, சுற்றிப் பழங்களை அடுக்கி, மந்திரம் சொல்லி, எல்லோருக்கும் கொடுப்பார்கள். பிள்ளை பிழைத்தது. மலிதா வைப்பதற்குள் அப்பாவுக்கு மாற்றல் வந்து, ஒரே நாளில் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள்.

அம்மா சாகும்வரை அதையே சொன்னாராம். "வாங்கிக்கொண்டோம் சோஃபி, நன்றி சொல்லாமல் வந்துவிட்டோம்." எழுபத்து மூன்று வருடம் கழித்து ஆன்ட்டி அதைச் செய்துவிட வந்திருக்கிறார். இருந்தது நான்கு நாள். சனிக்கிழமை இருட்டியதும் விமான நிலையத்துக்குக் கார் வரும். ஓய்வு நாள் வெள்ளி சூரியன் மறைந்ததுமே தொடங்கிச் சனி இருட்டும்வரை, எதையும் தயார் செய்யக்கூடாது. ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த வயதில் இன்னொரு தடவை வர முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை வந்து சேர்ந்ததும் லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு நேராக ஸ்டேஷன் பக்கம் போனோம். குவார்ட்டர்ஸ் இல்லை. அந்த இடத்தில் தகரக் கூரை போட்ட டூவீலர் ஸ்டாண்டு. வரிசை வரிசையாக வண்டிகள். ஆன்ட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்தார். நாலடி நடப்பார், மலையைப் பார்ப்பார், திரும்ப வருவார். ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் மணி என்பவர் ஓடி வந்து, "எந்த வண்டிங்கம்மா காணோம்? டோக்கன் இருக்குதா?" என்று கேட்டார்.

"வண்டி இல்ல நைனா, வூடு காணோம்" என்றார் ஆன்ட்டி. "எங்க அடுப்பங்கர ஜன்னல்ல நின்னா மலைப் படிக்கட்டு நேரா தெரியும். அம்மா அத்தப் பாத்துகினேதான் சப்பாத்தி தேய்ப்பாங்க."

அதற்கப்புறம் மணியின் கண்ணில் வண்டி எதுவும் படவில்லை. அவரும் கூடவே சேர்ந்து மலையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். கடைசியில் ஒரு சிவப்பு பைக்குக்கும் ஒரு ஸ்கூட்டிக்கும் நடுவே ஆன்ட்டி நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கட்டிடங்களுக்கு இடையில் படிக்கட்டு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "இங்கதான்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மணி தலையைச் சொறிந்துவிட்டு, "வெள்ளிக்கெழம நாலு வண்டிய நகத்தி வச்சாப் போவுது. சாமி காரியம்னா எந்தச் சாமின்னு நான் ஏங்க கேக்கப் போறேன்?" என்றார்.

சாம்சன் அங்கிள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "எலியா எங்கும் இருப்பவர். இந்த பெட்ரோல் நாற்றத்தில்தான் வைக்கணுமா?" என்றார். "முட்டி வலிக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்." லாட்ஜுக்கு வந்து கல்தோசை நான்கு சாப்பிடும்போது முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. அவர்கள் மதத்தில் சாப்பாட்டு விதி கடுமை என்பதால் அக்கா தம்பி இருவரும் தங்கள் தட்டையும் கரண்டியையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். சைவ ஓட்டல் என்று உறுதி செய்துகொண்டு, அந்தத் தட்டில் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். சர்வர் முதலில் முறைத்தார். மூன்றாவது வேளை அவரே "ஆன்ட்டி, தட்டு குடுங்க" என்று கை நீட்டினார்.

வியாழக்கிழமை காலை அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அண்ணன் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறான். ரேணுகா அண்ணி வாசலிலேயே காத்திருந்தாள். எப்போதும் அலைபாயும் மனுஷி. அன்பு வந்தால் ஊருக்கே சோறு போடுவாள், கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். தறி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு இழை அறுந்தது. அண்ணி தறியை நிறுத்திக் குனிவதற்குள் ஆன்ட்டி கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு விரலால் இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதீர்கள், நான் கண் சிமிட்டிவிட்டேன்.

"யம்மாடி! இன்னா வேகம்!" என்றாள் அண்ணி. "நீங்க இங்கயே இருந்துடுங்க ஆன்ட்டி, உங்க நாத்தனா வாயாடி கோகிலாவ அங்க அனுப்பிடலாம்."

அண்ணிக்கு நான்தான் நாத்தனார். வேகத்தில் உறவு மாறிவிட்டது. மறுநாள் மலிதாவுக்கு வேண்டிய அவல், வெல்லம், தேங்காய், ஐந்து வகைப் பழம், மருக்கொழுந்து எல்லாவற்றையும் தானே வாங்கி வருவதாக அண்ணி பொறுப்பேற்றுக்கொண்டாள். "நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடறேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க ஆன்ட்டி." நானும் கவலைப்படவில்லை. படாமல் இருந்ததுதான் தப்பு.

திரும்பும்போது ஆன்ட்டியை அண்ணன் ஆட்டோவில் அழைத்துப் போனான். அங்கிள் டவுன் பஸ்ஸில்தான் வருவேன் என்றார். ஆர்.கே.பேட்டையில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்புவதற்குள், கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை ஆட்டினார். நான் ஓடிப் போய்த் தொற்றினேன். பத்து நிமிடம் கழித்து கண்டக்டர் தெலுங்கில் டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது, திருத்தணிக்கு நேர் எதிர்த்திசையில் ஆந்திராவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அங்கிளோ கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றார். "திருத்தணி என்று நான்கு பேர் அந்தப் பக்க பஸ்ஸில் ஏறினார்கள். அதனால் இதில் ஏறினேன்."

"ஏன் அங்கிள்?"

ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் ஒரு துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஒரு தடவை கிரேன் கொக்கி அறுந்து, அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. போருக்கு அழைத்துப் போனபோது டாங்கியிலிருந்து சிறுநீர் கழிக்க இறங்கினார்; திரும்பிப் பார்த்தபோது டாங்கி எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது, மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, அப்போது உயிரோடிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். "பயப்படாதே, உன்னை எடுக்க மாட்டார். நான் இன்னும் மலிதா வைக்கவில்லையே. பாக்கியை விட்டுவிட்டு யாராவது கதையை முடிப்பார்களா?" என்றாராம்.

"விளையாட்டுக்குத்தான் சொன்னாள்" என்றார் அங்கிள். "ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது, கோகிலா. நாளைக்கு அதை வைத்துவிட்டால் அப்புறம் எதற்காக என்னை விட்டுவைப்பார்? சோஃபியிடம் சொல்லாதே. கைத்தடியால் அடிப்பாள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுபத்தாறு வயது ஆள், பேரன் பேத்தி எடுத்தவர், சாவுக்குப் பயந்து பஸ் மாறி ஏறியிருக்கிறார். இறங்கி, எதிர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். தட்டை ஆட்டோவில் அனுப்பிவிட்டதால் பேப்பரில் வாங்கி, "அக்காவிடம் இதையும் சொல்லாதே" என்றார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. அந்தப் பாலைவனத்து ஊரில் வெள்ளி மதியத்துக்கு மேல் பஸ் நின்றுவிடும், கடை மூடிவிடும், தெருவில் பூனை மட்டும் நடக்கும். திருத்தணியில் வெள்ளி மதியம்தான் ஊரே விழிக்கிறது. மலையடிவாரத்தில் மொட்டைத்தலையும் சந்தனமுமாகக் கூட்டம், மைக்கில் பாட்டு, பூக்கூடைகள், வேன் ஹாரன். "எங்க சாயங்காலம் இப்டி இருந்தா ராத்திரிக்கு யாரு தூங்கறது?" என்றார் ஆன்ட்டி. ஆனாலும் முகமெல்லாம் சந்தோஷம். சூரியன் ஆறேகாலுக்கு மறையும். அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னாலேயே லாட்ஜில் ஓய்வு நாள் விளக்கை ஏற்றிவிட வேண்டும். எனக்கும் அது பழகிப்போன கணக்கு.

நாலு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனால், மணி வண்டிகளை நகர்த்தி, தண்ணீர் தெளித்து, ஒரு பெஞ்சும் போட்டு வைத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் அண்ணி வந்து இறங்கினாள். நெற்றி நிறைய விபூதி. கையில் பெரிய தாம்பாளம். அதில் அவல், வெல்லம், பழங்கள், எல்லாவற்றின் மேலும் மாலை. தேங்காய் இரண்டாக உடைந்து, உள்ளே குங்குமமும் பூவும்.

தாம்பாளத்தை எட்டிப் பிடித்தேன். "அண்ணி, என்ன பண்ண?"

"இன்னா பண்ணேன்? வெள்ளிக்கெழம, தேங்கா பழத்தோட மலையடிவாரத்துல வந்து எறங்கிட்டு, மேல போவாம வருவாங்களா? அர்ச்சன பண்ணினு வந்தேன். கூட்டம்னா கூட்டம், சொல்லி மாளாது. குருக்கள் ரெண்டு வாட்டி பேரு கேட்டாரு. சாம்சன், சாம்சன்னு கத்தினேன்."

தப்பு என்னுடையது. எங்கள் ஊரில் யாரிடம் தேங்காய் பழத் தட்டு கொடுத்தாலும் கால் தானாக மலைக்குத்தான் போகும். சொல்லியிருக்க வேண்டியவள் நான். வேறு சாமிக்குப் படைத்ததை இவர்கள் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கு எப்படித் தெரியும்?

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் எனக்குக் கெட்ட புத்தி வந்தது. ஆன்ட்டி பத்தடி தள்ளி மணியோடு பேசிக்கொண்டிருந்தார். மாலையை எடுத்துவிட்டுக் குங்குமத்தைத் துடைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவலின் முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? அண்ணி மனசும் நோகாது, நேரமும் வீணாகாது. துண்டைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் எழுபத்து மூன்று வருடம் நினைவுக்கு வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டி முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணிக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கண் சிவந்துவிட்டது. "ஏங்க, எங்க சாமிக்கு வச்சது உங்களுக்கு ஆவாதா?"

ஆன்ட்டி அண்ணியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆவாதுன்னு நான் எங்க சொன்னேன் கண்ணு? ஒருத்தனுக்குப் பரிசம் போட்ட பொண்ண, இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுப்பியா நீ?"

"அது எப்டிங்க குடுப்பாங்க?"

"அவ்ளோதான். இத முருகனுக்குக் குடுத்தாச்சு. அத எடுத்து எங்க எலியாவுக்கு வச்சா, ரெண்டு பேருக்கும் மரியாத இல்ல."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். "ஆங், ஞாயந்தான்" என்றாள். இரண்டு நாள் பேசாமல் இருப்பாள் என்று நான் பயந்தவள் ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டாள். ஆனால் நேரம் நாலு இருபது. அவல் இல்லை, தேங்காய் இல்லை, பழம் இல்லை. ஆன்ட்டி மலையைப் பார்த்துக்கொண்டு, "அம்மாக்கு இன்னா சொல்லுவேன்?" என்று மெல்லச் சொன்னார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கிள் இவ்வளவு நேரம் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். தப்பித்தோம் என்று இருப்பார் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெண் யார் பேரில் பூசை செய்தாள்?" என்று கேட்டார்.

"உங்கள் பேரில்தான். நட்சத்திரம் கேட்டார்களாம். தெரியாததால் சாமியின் நட்சத்திரம் கிருத்திகையையே சொல்லிவிட்டாளாம்."

"என்ன வேண்டிக்கொண்டாள்?"

அண்ணியைக் கேட்டேன். "வேற இன்னா வேண்டுவாங்க? பெரியவரு தீர்க்காயுசா நூறு வருஷம் இருக்கணும்னு."

இந்தியில் சொன்னேன். அங்கிள் சிரிக்கத் தொடங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு, தொப்பி நழுவ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சோஃபி, எழுந்திரு. இவ்வளவு நாளும் நான் ஒரே ஆபீசில் ஃபைலை வைத்துக்கொண்டு, அதை மூடிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். இந்தப் பெண் என் பேருக்கு இன்னொரு ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இனி இந்த ஃபைலை மூடினால் எனக்கு என்ன?"

"வாயக் கழுவு" என்றார் ஆன்ட்டி தமிழிலேயே. "நாம அப்படிக் கேட்கக்கூடாது" என்று இந்தியில் சேர்த்துக்கொண்டார்.

"நான் கேட்டேனா? அவள் கேட்டாள். ஒரு பெண் எனக்காக வேண்டிக்கொள்வதை நான் எப்படித் தடுப்பது?" என்றவர் என் கையைப் பிடித்து, "நட, கடை எங்கே?" என்றார். முட்டிவலிக்காரர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் அவல் சட்டென்று கிடைத்தது. பழக்கடையில்தான் பாடு. அவர்கள் வழிபாட்டில் மரத்துப் பழத்துக்கு ஒரு வாழ்த்து, தரையில் விளைவதற்கு வேறு வாழ்த்து. அதனால் இரண்டு வகையும் இருக்க வேண்டுமாம். பேரீச்சை, மாதுளை, கொய்யா, ஆப்பிள் எடுத்தார். தரைக்கு என்ன என்றேன். வாழைப்பழத்தை எடுத்தார். "அங்கிள், அது மரம்!" "மரமில்லை. அடுத்த வருடம் அதே தண்டு காய்க்குமா? காய்க்காது. அது செடி" என்றார். கல்யாண வாசலில் வாழை மரம் கட்டுகிற ஊரில் வந்து என்ன சொல்கிறார் பாருங்கள்! வாக்குவாதத்துக்கு நேரமில்லாததால் விட்டுவிட்டேன். பூக்காரம்மா ஒரு கொத்து மருக்கொழுந்தைச் சும்மாவே கொடுத்தார்.

ஆட்டோ கிடைத்தது, கிடைத்த ஆட்டோ பாதி வழியில் மொட்டைத்தலைக் கூட்டத்தில் சிக்கி நின்றது. அங்கிள் இறங்கி, தேங்காயை ஒரு கையிலும் அவலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். வழிவிட்டவர்கள் அவருக்கும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து "அரோகரா" என்றார்கள். தப்பாக நினைக்கவில்லை, வேண்டுதல்தானே.

ஐந்து பத்துக்கு ஸ்டாண்டில் சிவப்பு பைக் நின்ற இடத்தில் வேலை தொடங்கியது. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆன்ட்டி கொண்டுவந்திருந்த துருவியில் தேங்காய் துருவினாள். ஆன்ட்டி அவலைப் பிசைந்தார். அங்கிள் எழுந்து நின்று ஹீப்ருவில் வாழ்த்துச் சொன்னார். பிறகு அக்காவும் தம்பியும் எலியாவைக் கூப்பிட்டுப் பாடினார்கள். மெட்டு கொஞ்சம் நம்ம பஜனைப் பாட்டு மாதிரியே இருந்தது. மருக்கொழுந்தை எல்லோரும் கைமாற்றி முகர்ந்தோம்.

அந்நேரம் பார்த்து சென்னை லோக்கல் வந்து நின்றது. வேலை முடிந்து திரும்பியவர்கள் டோக்கனோடு வந்தார்கள். மணி கையை விரித்து, "அஞ்சு நிமிஷம் இருங்கப்பா, சாமி கும்புட்டுகினு கிறாங்க" என்றார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக்கூட சிலர் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் ஆன்ட்டி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி அவல் வைத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். பெஞ்சின் மறுமுனையில் அண்ணி தன் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு தேங்காயும் பழமும் விபூதியும் கொடுத்தாள். இரண்டிலும் வாங்கிக்கொண்டு கிக்கரை உதைத்துப் போனார்கள். நானும் இரண்டிலும் சாப்பிட்டேன். ஆன்ட்டியின் அவலில் வெல்லம் தூக்கல்.

எல்லோரும் போன பிறகு ஆன்ட்டி வெறும் தட்டைத் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மலைப் படிக்கட்டைப் பார்த்து மராத்தியில் ஏதோ சொன்னார். அதில் 'ஆயி' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு லாட்ஜில் விளக்கு ஏற்றினோம்.

சனிக்கிழமை விடியற்காலை மலைக்கோயில் மணி அடித்தபோது எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. அங்கிள் பயந்தது என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது. அவர் அறை வரை போய் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வரலாம் என்று கதவைத் திறந்தேன்.

வராந்தாவில் எனக்கு முன்னாலேயே ஓர் ஆள். சோஃபி ஆன்ட்டி வெறுங்காலோடு, கைத்தடிகூட இல்லாமல், தம்பியின் அறைக் கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். ஆக, அதே பயம் அவருக்கும். எத்தனை வருடமாகவோ! நானும் போய்ப் பக்கத்தில் நின்று காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆன்ட்டியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது.

உள்ளிருந்து குரல் வந்தது. "வெளியே இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்கிறது. நானும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காப்பி வருமா, வராதா?"

ஆன்ட்டி என் கையை விட்டுவிட்டு, கதவை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இன்னும் எத்தினி வருஷம் இவனக் கட்டிகினு அழுவணுமோ!" என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கதவிலேயே நெற்றியைச் சாய்த்துச் சிரித்துச் சிரித்து அழுதார்.